வெடிக்கும் வரை பிடித்த கை

என்னைக் கோழை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் மறுத்துப் பேசுவதில்லை. சாட்சிகள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் கூட்டிவந்து சிவகாசியில் பஞ்சாயத்து வைக்க என்னால் ஆகாது.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அசிங்கம் முழுசாக விளங்கும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான். வகுப்பு என்றால் கரும்பலகை, பாடப்புத்தகம் எல்லாம் கிடையாது. வேப்பமரத்தடியில் நிற்க வைத்து மூன்றே வார்த்தை சொல்வேன். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போடு, ஓடு, திரும்பிப் பார்க்காதே. இதை இருபத்தைந்து வருடமாகத் தொண்டை கட்டக் கட்டச் சொல்லி வருகிறேன். (ஒத்திகையில் சாப்பாட்டு வாளியை எடுக்கத் திரும்பிய ஒருவரை, “வாளி வேணுமா, உசுரு வேணுமாலே?” என்று நான் கேட்ட கேள்வி கம்பெனியில் ரொம்பப் பிரபலம்.)

எங்கள் மகள் மீனாவுக்குக் குரோஷியா நாட்டில், ஜாக்ரெப் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளி சீசன் முடிந்து, புதுவருட ஆர்டரும் போன பிறகு, ஏப்ரலில் ஒரு மாதம் வந்து இருங்கள் என்று கூப்பிட்டாள். நான் அன்றைக்கே பெட்டியைத் துடைத்துவிட்டேன். என் மனைவி பேச்சியம்மாள்தான் அசையவில்லை. மதுரையைத் தாண்டியறியாதவள்.

“நான் வரல. பாஷை தெரியாத ஊர்ல தொலைஞ்சு போனா யார்கிட்டப் போயி நிக்க?”

அவள் பயந்தது விமானத்துக்கோ குளிருக்கோ இல்லை. இது ஒன்றுக்குத்தான். நான் என்ன செய்தேன்? மகள் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பேச்சி, ஊர் திரும்புற வரைக்கும் ஒன் கைய நான் விடமாட்டேன். போதுமா?” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள்.

போய் இறங்கிய மறுநாள் மீனாவுக்கு ஆபீஸ். ட்ராம் வண்டிக்கு டிக்கெட்டெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊர் சுற்றிப் பார்க்க வழி சொல்லி என் போனுக்கு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தாள். ஏழு நிமிடப் பதிவு. இரண்டு நிமிடம் கேட்டேன். “ஊரப் பாக்க எதுக்கு இம்புட்டு வியாக்கியானம்?” என்று நிறுத்திவிட்டேன்.

சொன்னபடி கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் பட்டப்பகலில் நடுத்தெருவில் நாங்கள் கைகோத்து நடந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. போகிற வழியெல்லாம் நானே வழிகாட்டி. சிவப்புக் குடைகளாக விரித்திருந்த காய்கறிச் சந்தையைக் காட்டி ஏதோ கட்சி மாநாடு என்றேன். அவள் ஒரு குடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, முட்டைக்கோசு பேசப் போகுது” என்றாள். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

அந்த ஊரில் மேடான பகுதி ஒன்று உண்டு. படி ஏறிப் போனால் பழைய கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. நாங்கள் மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அதன் அடியில் நல்ல கூட்டம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க, எல்லாரும் எதுக்கு மேல பாக்குறாக?”

“கோபுர தரிசனம். எல்லா ஊர்லயும் உள்ளதுதான்.”

“காத எதுக்குப் பொத்துறாக?”

“குளுருக்கு.”

சொல்லி வாயை மூடவில்லை. டமார் என்று ஒரு வெடி. கோபுரத்தின் மேல் ஜன்னலிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. கால் வைத்திருந்த கல்லே அதிர்ந்தது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு வெடிச் சத்தம் என்றால் திருவிழா, கல்யாணம், கிரிக்கெட். எங்கள் பக்கம் அப்படி இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிடுவோம். “எந்தப் பக்கம்?” என்பதுதான் முதல் கேள்வி. புகை எங்கே தெரிகிறது என்று பார்ப்போம். அங்கே வேலை பார்க்கிற சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, எடுக்கிற வரைக்கும் உயிர் கையில் இருக்காது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகச் சொல்ல ஆசைதான், ஆனால் அடுத்து நடந்ததற்கு எந்தச் சாக்கும் பத்தாது.

என் உடம்பு பாடத்தை நினைவில் வைத்திருந்தது. கையில் இருப்பதைப் போட்டேன். ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

என் கையில் அப்போது இருந்தது பேச்சியின் கை.

போட்டேன் என்று சொல்வதுகூட மரியாதையான வார்த்தை. உதறினேன். அவள் விரல்கள் என் விரல்களை இறுக்கியது தெரிந்தது, அதையும் பிய்த்து உதறினேன். ஏறி வந்த படிகளில் தாவித் தாவி இறங்கினேன். புது பூட்ஸில் ஒன்று கழன்று எனக்கு முன்னால் உருண்டு போனது. அந்த நிலையிலும் கடமை தவறவில்லை. “ஓடுங்கலே! திரும்பிப் பாக்காதீக! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!” என்று சுத்தத் தமிழில் உலக மக்களுக்கு ஆணையிட்டபடிதான் ஓடினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. வேறு யாரும் ஓடவில்லை. மேலே கைதட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். என் பேச்சை நம்பி ஓடி வந்தது உலகத்திலேயே இரண்டே பேர், ஒரு வயதான ஜப்பான் தம்பதி (ஜப்பான் என்பது என் ஊகம்). எனக்கு நாலு படி மேலே நின்று இளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் தன் மனைவியின் கையை விடாமல் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் என் கையை நான் பார்த்தேன்.

அதே நேரம் மேலேயிருந்து ஒரு குரல்.

“வேல்ச்சாமீ! ஏ, வேல்ச்சாமீ!”

என் பெயர்தான். ஆனால் அந்தக் குரலில் என் பெயரை நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில்கூட, “மீனா அப்பா பேருதான், கார்டுல இருக்குல்ல” என்று சொல்லி விரலால் காட்டுகிறவள் பேச்சி. அவள் அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

ஒற்றை பூட்ஸோடு மேலே ஏறிப் போனேன். அவள் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் என்னைப் போல் வெளியே ஓடவில்லை, கோபுரத்தை நோக்கி ஓடியிருக்கிறாள். புகை வந்த ஜன்னலுக்கு நேர்கீழே நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்து, “எங்க வீட்டுக்காரரப் பாத்தீகளா, செவப்புச் சொக்கா போட்டவரு” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெடி அதிர்ச்சியில் கை நழுவி, நான் அந்தப் புகைக்குள்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறாள். நான் அவளை விட்டுவிட்டு ஓடியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

என்னைப் பார்த்ததும் தோள், முழங்கை, விரல் என்று தடவித் தடவிப் பார்த்தாள். “எங்கயும் பட்டுச்சா? காது கேக்குதா? எங்க போனீக?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கேதான் இரண்டாவது கேவலத்தைச் செய்தேன். “ஒதவிக்கு ஆள் கூப்பிடப் போனேன்” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அந்த ஜப்பான் பெரியவர் என் பூட்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தார். குனிந்து வணங்கிக் கொடுத்தார். கொடுத்ததோடு போயிருக்கலாம் மனுஷர். சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி, ஒரு கையை உதறி, கண்ணை உருட்டி, நான் ஓடின ஓட்டத்தை நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினார். தத்ரூபமாக இருந்தது.

பேச்சி சிரிக்கவில்லை. தன் வலது கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனாள். நான் ஐந்தடி பின்னால் போனேன். ட்ராமில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். மீதிப் பதிவை அங்கே உட்கார்ந்து கேட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் மீனா சொல்கிறாள்: “அப்பா, அந்தக் கோபுரத்துல தெனமும் பன்னெண்டு மணிக்குப் பீரங்கி போடுவாங்க. அம்மா பயந்துருவா, முன்னாடியே சொல்லிருங்க.”

சாயங்காலம் மகள் வந்து, “என்னம்மா, அப்பா சொன்ன மாதிரி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரா?” என்று கேட்டாள்.

“பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனாக” என்றாள் பேச்சி, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. “வெடிக்கிற வரைக்கும்.”

மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. “விடுங்க. ஒங்க வேல அப்படி. அது கெடக்கட்டும், பொய் எதுக்குச் சொன்னீக?” என்றாள். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

ஊருக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மீனாவின் ஆபீஸ் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவுக்கு மாறிவிட்டது. அவர்கள் ஊரில் மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே மூன்றரை. நான் லீவு போட்ட நாளில் கட்டிலில் கண் அயர்கிற நேரம் பார்த்து, ஜன்னலைத் திறந்து அந்தப் பீரங்கிச் சத்தத்தைப் பதிவு செய்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறாள். தூக்கக் கலக்கத்தில் நான் அதைத் தட்டியதும் போன் டமார் என்று அலறுகிறது. அடுத்த நொடி அடுப்படியிலிருந்து பேச்சியின் குரல் வருகிறது.

“ஏங்க, இருக்கீகளா? போயிட்டீகளா?”

“இருக்கேன்” என்கிறேன். எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்று முகத்தைக் காட்டிவிட்டும் வருகிறேன். வெறும் வாய்ச்சொல்லை அவள் இப்போதெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.