மூணு கும்பிடு, மூணு புகை

சிகரெட்டை விடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. விட்ட பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் வேலை. நான் வைத்த இடத்தில் எவனும் வைத்திருக்க மாட்டான்.

நாங்கள் பர்மாத் தமிழர்கள். தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் என் காதலி தேவியை எனக்குக் கொடுக்க அவள் அப்பா ஊ ராஜு (இங்கே பெரியவர் பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'தோ') ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டதைப் பற்றிக் கேட்கவில்லை. பசுந்தாங் பேட்டையில் ஒரு கடையில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன், அதையும் குறை சொல்லவில்லை. "புகை பிடிக்கிறவனுக்கு என் பொண்ணு இல்ல," அவ்வளவுதான். அவருக்குச் சிகரெட் வாசனை ஆகவே ஆகாது. நான் தெருமுனையில் பற்ற வைத்தால் மாடியில் அவர் ஜன்னலைச் சாத்துவார். (மூக்கா அது? கஸ்டம்ஸ் ஆபீஸ்!)

சரி, காதலுக்காக விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். விட்டும் விட்டேன். மறுநாள் காலையிலேயே கை காலிச் சட்டைப்பையைத் துழாவியது. வாய் எதையாவது கடிக்கத் தேடியது. மத்தியானம் ஓனர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் நேராகப் பாலா கடைக்குப் போனேன். பாலா என் கூட்டாளி. போன் கவர் விற்பான். அதோடு கண்ணாடிப் பெட்டியில் வேப்பும் (பேட்டரியில் புகை விடும் குழாய்) விற்பான்.

"டேய் மணி, இந்தச் சின்னத எடு," என்று பேனா மாதிரி ஒன்றை நீட்டினான். "இழுத்தா புகை, விட்டா நிக்கும். பட்டனே கெடையாது. உன்னமாதிரி ஆளுக்கு இதுதான் சரி."

"என்னமாதிரி ஆளுன்னா?"

"பட்டன் இருந்தா அமுக்குற ஆளு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு பெரிய சாதனம் இருந்தது. செங்கல்லின் குட்டி மாதிரி கனம். பக்கத்தில் பட்டன், மேலே கண்ணாடி டாங்க், சிவப்பும் நீலமுமாக மின்னும் விளக்கு. அதை வாயில் வைத்து ஒருவன் புகை விட்டால் எதிரே வரும் பஸ் நிற்கும். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன்.

பாலா பொறுமையாகச் சொன்னான். "உள்ள சூடாகுற கம்பிதான் காயில். புதுசு போட்டா மொதல்ல அதச் சுத்தின பஞ்சு மேல, புகையாகுற தைலத்தச் சொட்டு விட்டு ஊற வை. ஒடனே இழுக்காத. டாங்க் காலியாக விடாத. இடுப்புல சொருகுனா பட்டன வரிசையா அஞ்சு தடவ தட்டிப் பூட்டிட்டுச் சொருகு. கேக்குறியா?"

"காயிலப் பத்தி எனக்கே பாடமா? நான் மோட்டாருக்கே காயில் சுத்துறவன்டா."

வீட்டுக்கு வந்து காயிலை மாட்டினேன், தைலத்தை ஊற்றினேன், ஊற வைக்காமல் இழுத்தேன். தலையணையைக் கொளுத்தி ஒருவன் என் தொண்டைக்குள் திணித்தான். காய்ந்த பஞ்சு கருகியிருக்கிறது. இருமலில் கண்ணிலிருந்து வந்த தண்ணீரை அந்தப் பஞ்சில் விட்டிருந்தாலே நன்றாக ஊறியிருக்கும்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சம்சாரம். சிகரெட்டுக்கு ஒரு தீக்குச்சி போதும். இந்த மகாராஜாவுக்குப் பஞ்சு வேண்டும், தைலம் வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், துடைக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்தால் ஒழுகியது. மாம்பழ வாசனைத் தைலம் ஆனதால் நாங்கள் இருக்கும் தாகேதாவில் உள்ள எறும்பெல்லாம் என் நெஞ்சின் மேல் குடியேறியது. கருகிய காயிலைத் தூக்கிப் போட மனசில்லாமல் கழுவி பால்கனியில் காய வைத்தேன். பக்கத்தில் அம்மா கருவாடு காய வைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் இழுத்தது என்ன ருசி என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு மேல், சார்ஜ் போடக் கரண்ட் வேண்டும். எங்கள் வார்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. வந்ததும் வீடே ஓடும். அம்மா அடுப்படியிலிருந்தே வரிசை சொல்வாள்.

"மொதல்ல சோறு. அப்புறம் தண்ணி மோட்டாரு. அப்புறம் செல்வி போனு. மிச்சம் இருந்தா உன் ஊதுபத்தி."

செல்வி என் அக்கா. "ஊதுபத்தியா இருந்தா சாமிக்காவது ஆவும்மா," என்பாள்.

தேவிக்கு இதெல்லாம் தெரியும். அவளிடம் நான் மறைக்கவில்லை. (மறைக்க முடியாது. அப்பா மூக்கு அவளுக்கும் வந்திருக்கிறது.) பெண் கேட்க ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவானதும் போனில் சொன்னாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. சிகரெட்ட விட்டுட்டேன், இப்ப இதுல இருக்கேன், இதையும் விடப் போறேன்னு. அவரு திட்டுவாரு, அப்புறம் யோசிப்பாரு. பொய் சொன்னா மட்டும் யோசிக்கவே மாட்டாரு."

"சொல்றேன் தேவி."

"எப்போ?"

"நேரம் பாத்து."

"நீ நேரம் பாத்து கிழிச்ச. ஞாயித்துக்கெழம அத வீட்லயாச்சும் வச்சிட்டு வா. எனக்காக."

"சத்தியமா."

சத்தியமாக வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் பாதிப் படியில் நின்றேன். இழுக்க வேண்டாம், சும்மா கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று மேலே ஓடி எடுத்து வந்தேன். நான் கட்டியிருந்தது புது லோஞ்சி. உங்கள் ஊர் கைலிதான், மரியாதைக்குக் கொஞ்சம் விலை கூடினது. அதில் பை கிடையாது. இங்கே ஆம்பளைகள் போன், பர்ஸ் எல்லாவற்றையும் பின்னிடுப்பில்தான் சொருகுவோம். நானும் செங்கல்லைச் சொருகி மேலே கோட்டைப் போட்டு மறைத்தேன். பூட்டவில்லை. பூட்டெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு.

ஊ ராஜு வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். சாமி அலமாரியில் புத்தரும் பிள்ளையாரும் பக்கத்துப் பக்கத்தில். தேவியின் அம்மா தோ கின் பர்மாக்காரி, ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். விருந்தாளிக்கு இங்கே தின்னக் கொடுக்கும் ஊறவைத்த தேயிலையும் டீயும் வந்தது. அம்மாவும் செல்வியும் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தேவி அறை வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணால் 'கொண்டு வரவில்லை' என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"பெரியவங்களக் கும்பிடு," என்றாள் அம்மா.

எங்கள் ஊர்க் கும்பிடு கையைக் கூப்பினால் முடிகிற சமாச்சாரம் இல்லை. முட்டி போட்டு, நெற்றி பாயில் படும்படி குனிய வேண்டும். மூன்று தடவை. குனிந்தால் லோஞ்சி இடுப்பில் இறுகும். இறுகினால் பட்டன் அமுங்கும். மோட்டார் கடையில் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கும்பிடு. பின்னிடுப்பில் இதமாக ஒரு சூடு. பயத்தில் வருகிற சூடு என்று நினைத்தேன். பின்னால் அம்மா, "சாம்பிராணி போட்டிருக்கீங்களா, நல்ல வாசன," என்று தோ கின்னிடம் சொன்னது கேட்டது.

இரண்டாவது கும்பிடு. சூடு இப்போது இதமாக இல்லை. கோட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி என் காதைத் தாண்டிப் போனது. "மணி," என்று செல்வி கிசுகிசுத்தாள், "உன் பின்னாடி..." பாதிக் கும்பிடில் எழுந்தால் மரியாதை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை குனிந்தேன்.

"ஐயோ, பையன் எரியுறான்!" என்று ஊ ராஜு கத்தினார்.

தோ கின் குடிதண்ணீர்ப் பானையோடு வந்து முழுசாக என் முதுகில் கவிழ்த்தார். நான் துள்ளி எழுந்து பின்னால் கையை விட்டுச் சனியனை உருவினேன். அதோடு லோஞ்சி முடிச்சும் வந்தது. ஒரு கையில் அவிழ்ந்த லோஞ்சி. ஒரு கையில் சிவப்பும் நீலமுமாக மின்னும் செங்கல். எதிரே மாமனார். தண்ணீர் சொட்டியது.

"இது என்னா?" என்றார்.

எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. தேவி சொல்லிக் கொடுத்தது, வார்த்தைக்கு வார்த்தை. அதை விட்டுவிட்டு, "போன் சார்ஜர், மாமா," என்றேன்.

விரல் பட்டனில் பட்டது. சார்ஜர் அவர் முகத்துக்கு நேரே நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

அவர் மூக்கைச் சுருக்கினார். "மாம்பழம்."

"சிகரெட் இல்ல மாமா! சிகரெட்ட எப்பவோ விட்டுட்டேன். இதுல நெருப்பே கெடையாது."

"நெருப்பு இல்லியா? அப்ப எம் பொஞ்சாதி எதுக்கு உம் மேல தண்ணி ஊத்துனா?"

செல்வி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊ ராஜு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, ஒரு காலை நேரம் இது இல்லாம எங்க வீட்ல உன்னால உக்கார முடியல. அதுகூடப் பரவால்ல. கேட்டதும் சார்ஜருன்ன பாரு. நாளைக்கு எம் பொண்ணுகிட்ட எத்தன சார்ஜர் சொல்லுவ?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். தேவி அங்கே இல்லை.

திரும்பும் டாக்ஸியில் அம்மா தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இறக்கினாள். டிரைவர் மூக்கை உறிஞ்சி, "மாம்பழ சீசனா?" என்று கேட்டான்.

பல நாள் தேவி போன் எடுக்கவில்லை. சாதனத்தைப் பாலாவிடமே கொடுத்துவிட்டேன். சிகரெட்டும் இல்லை, செங்கல்லும் இல்லை, தேவியும் இல்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்து நாக்கு புண்ணாகி, சோற்றைப் பார்த்து அழுதிருக்கிறேன். கடைசியில் அவளே பேசினாள். "எனக்கு என்ன முடிவு சொல்றதுன்னு தெரியல. அப்பாகிட்ட வந்து பேசு. தெனம் வேணா வா, உண்மையப் பேசு."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறேன். வாசலில் தோ கின், "மணி, திரும்பு," என்பார். நான் திரும்பி, கோட்டைத் தூக்கி இடுப்பைக் காட்டுவேன். இப்போது அந்த வீட்டுக்கு வரும் எல்லா ஆம்பளைக்கும் இந்தச் சோதனை உண்டு. கேஸ் சிலிண்டர்காரன் என்னைச் சபித்துக்கொண்டே திரும்புகிறான். உள்ளே போனதும், புகை ஆசை இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மாமா கேட்பார். இருக்கிறது என்பேன். கல்யாணம் என்ன ஆச்சு என்று அம்மா கேட்டு அனுப்பினால், "பார்க்கலாம்," என்பார்.

போன வாரம் வழக்கம்போல முட்டி போட்டுக் குனிந்தேன். மூன்றாவது தடவை நெற்றி பாயில் இருக்கும்போது, இதுவரை என்னிடம் சிரிக்காத அந்த மனுஷர், அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"தேவி! குக்கர்ல பருப்பு வெந்துச்சான்னு பாரு. இன்னைக்கு மாப்புள கிட்டேருந்து ஆவியே வரல, விசிலும் வரல!"

வீடே சிரித்தது. நான் எழவில்லை. என்னை அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாகும்வரை இந்தக் கேலியை இந்த வீட்டில்தான் கேட்கப் போகிறேன் என்பதும் கூடவே புரிந்தது.