கேட்டு வாங்கிய செம்பருத்தி

தேசத்துக்குத் தொண்டு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறைக்குப் போவது. மற்றது, பிறரைச் சிறைக்கு அனுப்புவது. மதுரை ஸ்ரீமான் கண்ணுச்சாமி அவர்கள் கௌரவ மாஜிஸ்திரேட் என்ற முறையில் வாரத்தில் இரண்டு நாள் இரண்டாவது தொண்டைச் செய்துவந்தார். மிச்ச ஐந்து நாளும் ஊர் ஊராகப் போய்ப் பூச்செடி 'சேகரித்தார்'.

குற்றாலத்தில் குளித்துவிட்டு வெறும் ஈரத்துண்டோடு திரும்புகிறவர்கள் சாமானியர்கள். இவருடைய ஈரத்துண்டுக்குள் நாலு இட்லிப்பூக் கொம்பு இருக்கும். கொல்லத்துக்குக் கல்யாணத்துக்குப் போனவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பந்தலுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் காகிதப்பூவைப் பார்த்துவிட்டார். கிளையை இழுக்க வளைந்த பிடியுள்ள குடை, சாய்த்து வெட்டப் பேனாக்கத்தி, வெட்டுவாயில் அப்பச் சாணி உருண்டை, சுற்றிக் கட்ட வாழைமட்டை. இவைதான் அவருடைய யாத்திரைச் சாமான்கள். ஒருமுறை திருநீற்றுப் பையை மறந்துவிட்டுப் போனதுண்டு. சாணியை மறந்ததே இல்லை.

போத்து, அதாவது நட்டால் தழைக்கிற கொம்புத்துண்டு, கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது. திருடி நட்டால்தான் பிடிக்கும். கறிவேப்பிலைக் கன்று வைத்த எந்த வீட்டிலும் இந்தச் சாஸ்திரத்தைச் சொல்வார்கள். கண்ணுச்சாமி அவர்கள் சட்டம் தெரிந்தவர்தான். ஆனால் சட்டம் நேற்று வந்தது, சாஸ்திரம் அன்றே இருந்தது. பெரியதற்குச் சிறியது வழிவிட வேண்டாமா?

வயிறு பெருத்துச் சுவர் ஏற முடியாமல் போன பிறகு, சர்க்கார் செய்வதையே அவரும் செய்தார். தகுதியுள்ள ஆளை நியமித்தார்.

அந்தத் தகுதியுள்ள ஆள் பேயாண்டி. சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அரைக் குறுக்கம் புஞ்சை வைத்திருந்தான். அந்த ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் பதிவேடு சொல்லியது. ஊர் எல்லையைத் தாண்டப் போலீஸ் சீட்டு வேண்டும். பேயாண்டி நாற்பத்தைந்து வயதுவரை அடுத்தவன் வயலில் ஒரு கதிரைக்கூடக் கிள்ளியதில்லை. ஆனால் பதிவேட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

"பதிவேட்டுல உன் பேர் இருக்காடா?" என்று கண்ணுச்சாமி அவர்கள் நேர்காணல் நடத்தினார்.

"இருக்குங்க எசமான்."

"பேஷ்! சர்க்காரே அத்தாட்சி கொடுத்த கை. நீ திருடி வெட்டின போத்து ரெட்டிப்பாத் தழைக்கும்."

"நான் ஒண்ணையும் களவாண்டதில்லையே எசமான்."

"இந்த அடக்கமெல்லாம் என்கிட்ட வேண்டாம். மூணு வருஷம் ஒழுங்கா எங்கூட வா. போற ஊருக்கெல்லாம் சீட்டு நான் வாங்கித் தர்றேன். உன் பேரை எடுத்துடச் சொல்லிப் போலீசுக்கு நானே எழுதறேன்."

பேயாண்டி கூடையைத் தூக்கிக்கொண்டான். அவனுடைய மகள் அன்னக்கொடியை வைகைக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. சீட்டு வந்து சேர்ந்து இவன் போவதற்குள் காடேற்றிப் புதைத்துவிட்டார்கள். அவள் மறுபடி உண்டாகாமலா போவாள்? அப்போதாவது பிள்ளை வலியெடுக்கும்போது அப்பன் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஆசைக்காக மலையையும் தூக்குவான். ஆனால் திருட மாட்டான்.

ஆகவே அவன் ஒரு மகா மோசடி செய்தான்.

அழகர்கோவில் சாலையில் மாயக்காள் என்ற சம்சாரி அம்மாளின் தோட்டம். அதில் ரத்தச் சிவப்பில் ஓர் அடுக்குச் செம்பருத்தி. கண்ணுச்சாமி அவர்கள் சாலையோரத்தில் நின்று மலையை நோக்கிக் கைகூப்பினார். பார்ப்பவர்களுக்கு அது பக்தி. உண்மையில் அது காவல்.

"யாராவது வந்தா இருமுறேன். சீக்கிரம் போ!"

பேயாண்டி பின்பக்கமாகப் போனான். மாட்டுக் கொட்டத்தில் பால் கறந்துகொண்டிருந்த மாயக்காளைக் கும்பிட்டான்.

"தாயி, அந்தச் செம்பருத்தியில ஒரு போத்து குடுப்பீகளா?"

"இதுக்கென்னப்பா, நாலா வெட்டிக்க. இம்புட்டு வெயில்ல வந்திருக்க, மோரு குடிக்கிறியா?"

மோரைக் குடித்து, வாயைத் துடைத்து, சுவர் ஏறிக் குதித்து, மூச்சிரைக்க வந்து நின்றான். "ஒரு ஈ காக்கா பாக்கல எசமான்!"

"சபாஷ்! இது ரத்தத்துலயே ஊறின தொழில்டா!"

மூன்று வருஷமும் இதே கதை. பிடிபட்டால் எசமானுக்கு அது பொழுதுபோக்கு, தனக்கு ரெண்டு வருஷம் என்பது பேயாண்டிக்குத் தெரியும். குற்றாலத்தில் கேட்டான், திண்டுக்கல்லில் கேட்டான், துரை பங்களாவிலும் தோட்டக்காரனைக் கேட்டான். கேட்டு வாங்கிய போத்து அத்தனையும் சாஸ்திரத்தை மதிக்காமல் தழைத்தன. "திருட்டுக் கையின் மகிமை!" என்று கண்ணுச்சாமி அவர்கள் பெருமூச்சு விட்டார்.

மூன்றாம் வருஷக் கடைசியில் புஷ்பக் கண்காட்சியில் அந்தச் செம்பருத்திக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. போலீஸ் அதிகாரி பக்கத்து நாற்காலியில் இருந்தார். பேயாண்டியின் பெயரை எடுக்கச் சொல்லும் கடிதம் கண்ணுச்சாமி அவர்களின் சட்டைப்பையில் இருந்தது. அன்னக்கொடி மறுபடி உண்டாகி, அவளுக்கு ஒன்பதாவது மாதம். பேயாண்டி பூந்தொட்டியின் ஓரத்தில் அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது கூட்டத்திலிருந்து மாயக்காள் வந்தாள்.

"அட, நம்ம தோட்டத்துச் செம்பருத்தி!"

கண்ணுச்சாமி அவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பயப்படாதீக ஐயா, நாந்தேன் குடுத்தேன். உங்க ஆளு எம்புட்டு மரியாதையாக் கேட்டாரு! இவரை மாதிரி யோக்கியனைப் பாக்குறது அபூர்வம்."

ஒரு குற்றத்திலிருந்து தப்பிய மனிதருக்கு மகிழ்ச்சிதானே வரவேண்டும்? கண்ணுச்சாமி அவர்களுக்கு ரௌத்திரம் வந்தது. பேயாண்டியைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"கேட்டா வாங்கினே?"

"ஆமாங்க எசமான்."

"எல்லாமா?"

"எல்லாமுந்தேன்."

"துரோகி! திருடினேன் திருடினேன்னு மூணு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே. உன்னைப் போய் நம்பினேனே!"

"எசமான், என் மக வலியெடுத்துக் கிடப்பா. அந்தக் காயிதத்தை மட்டும் குடுத்துருங்க. ஒங்க செடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"செடியா முக்கியம்? நாணயம்டா, நாணயம்!"

கடிதத்தை நாலாகக் கிழித்தார். அங்கேயே, கோப்பை வைத்திருந்த மேஜைமேல், அதிகாரிக்கு வேறோர் அறிக்கை எழுதினார். "மேற்படி பேயாண்டி என்பவன் எசமானிடமே பொய் பேசும் நயவஞ்சகன். இவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது பொதுஜன க்ஷேமத்துக்கு விரோதம்." அடியில் பேயாண்டியின் கைநாட்டையும் வாங்கினார். அதிகாரி படித்துவிட்டு, நீதிபதியின் கண்டிப்பை மெச்சித் தலையசைத்தார்.

எட்டாம் நாள் அன்னக்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று யாரோ வந்து சொன்னார்கள். பேயாண்டி சீட்டு இல்லாமல் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டு அழுதான்.

அறிக்கை மட்டும் இன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதன் அடியில் இரண்டு அடையாளங்கள். மூன்று வருஷமும் திருடாதவன் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறான். மூன்று வருஷமும் திருட அனுப்பியவர் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.