டிக்கெட் எடுக்க வேண்டாம், ஃபியூஸ் மாற்றிவிட்டேன்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
கார்த்திகை 2009

என்றும் அன்புள்ள குணவதி அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் படியேறச் சம்மதிக்கவும், அத்தானின் சீனி வருத்தம் டொக்டர் சொன்ன இடத்தில் நிற்கவும், கனடாவில், ஸ்காபரோவில் பனி உங்கள் வாசலை மட்டும் விட்டுவிட்டு விழவும் வேண்டிக்கொண்டு தங்கை செல்வமலர் எழுதுவது. இங்கே நான் சுகம். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால்தான் கடிதம். தொலைபேசியில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீங்கள் அதற்குத் தீர்வு சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது உங்களுக்கு ஏலாது.

போன கிழமை என்ன சொன்னீர்கள்? "நீ தனிய இருந்து சமாளிக்க மாட்டாய். டிசம்பரில நத்தாருக்கு வந்து உன்னோட ஒரு மாதம் நிக்கிறன், டிக்கெட் பாக்கிறன்." வேண்டாம் அக்கா. இவர் காலமாகி இரண்டு வருடமாகிறது, லக்‌ஷிகா பல்கலைக்கழகத்துக்கென்று லீட்ஸ் போய் இரண்டு மாதமாகிறது, நான் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இவர் ஆசையாக வாங்கிவைத்த ஹைஃபை செட் உங்களுக்கு நினைவிருக்கும். டிவிப் பெட்டியில் வரும் தமிழ் வானொலியை அதன் ஸ்பீக்கரில் பேசவிட்டுத்தான் நான் தினமும் வேலைக்குப் போவேன். மே மாதம் ஊரில் சண்டை அப்படி முடிந்த பிறகு செய்தி கேட்க மனமில்லை. மிச்ச நேரத்தில் மரண அறிவித்தலும் நகைக்கடை விளம்பரமும்தான் போகும். ஆனாலும் பின்னேரம் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ கதைத்துக்கொண்டிருப்பார்கள், நானும் "வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றுவேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்கள் வீட்டுக்குள் சத்தம் கேட்டால் கள்ளன் என்று பயப்படுவார்கள். நான் சத்தம் கேட்காததால் குடையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் தேடினேன். கள்ளன் இல்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. பிறகுதான் செட்டின் விளக்கு எரியவில்லை என்று கண்டேன்.

லக்‌ஷிகாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அம்மா, பிளக்கில ஃபியூஸ் பாத்தீங்களா? லெக்சர் தொடங்குது, பை, லவ் யூ." அவ்வளவுதான். அடுத்து எதிர்வீட்டு எட்வேட் அண்ணையைக் கேட்டேன். அவர் நெடுங்காலம் ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். தனியே இருக்கும் பெண்ணின் வீட்டுக்குத் தான் மட்டும் போவது சரியில்லை என்று மனைவி பிலோமினம்மாவையும் கூட்டி வந்தார். வெறுங்கையோடு போவது சரியில்லை என்று பிலோமினம்மா கேக் கொண்டு வந்தார். கேக் வந்ததால் நான் தேத்தண்ணி போட்டேன், தேத்தண்ணி இழுபட்டதால் புட்டும் அவித்தேன். பெரிய சட்டியை லக்‌ஷிகா போன பிறகு அன்றைக்குத்தான் அடுப்பில் வைத்தேன் அக்கா.

"தங்கச்சி, செட்டின்ர மேல்மூடியைக் கழட்டோணும்," என்றார் எட்வேட் அண்ணை.

"அண்ணை, பிளக்குக்குள்ள ஃபியூஸ் ஏதோ இருக்காம், பிள்ளை சொன்னவள்."

"பிளக்குக்குள்ள என்ன கிடக்கு பாக்க? ஜேர்மனியில நான் எத்தினை பிளக் பூட்டியிருப்பன்! எல்லாம் வெறும் வயர்தான்."

"இவர் அங்க ஹோட்டலில கோப்பை கழுவினவர், பிள்ளை," என்றார் பிலோமினம்மா.

"அந்தக் கோப்பை கழுவுற மெஷினைத் திருத்தினது ஆர்?"

"நீங்கள் திருத்தின பிறகுதானே எல்லாரையும் கையால கழுவ விட்டவங்கள்."

நான் சிரித்ததில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. எட்வேட் அண்ணை அதைக் கவனிக்காமல் மூடியைக் கழற்றி, உள்ளே மணந்து பார்த்து, "டிரான்ஸ்போமர் செத்துப்போச்சு, எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்று தீர்ப்புச் சொன்னார். திரும்பப் பூட்டி முடிய ஒரு திருகாணி மிஞ்சியது. "அது கம்பனிக்காரன் கூடப் போட்டது," என்றார்.

அவர்கள் போன பிறகு, எறிவதற்காக வயரைச் சுற்றினேன். பிளக்கின் அடியில், மூன்று பல்லுக்கும் நடுவே, ஒரு சிறு மூடி. கத்தி முனையால் நெம்பினேன். குளிசை மாத்திரை அளவில் ஒரு குழாய், இரண்டு பக்கமும் தகரத் தொப்பி, சிவப்பு எழுத்தில் மூன்று. ஜேர்மனிப் பிளக்கில் இல்லாத சாமான் இங்கே இருந்தது. அது செத்ததா உயிரோடிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது அக்கா. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வேலையிடத்தில் என்னைப் பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மேசை விளக்கின் பிளக்கிலும் அதே சிவப்பு மூன்று இருந்தது. அதைப் பிடுங்கி இதில் போட்டேன். விளக்கில்லாத அறையில், இவருடைய ஸ்பீக்கரில், ஒரு பெண் சேலைக்கடை விளம்பரம் வாசித்தாள். நான் தனியே நின்று கை தட்டினேன்.

மறுநாள் ஈஸ்ட்ஹாம் கடையில் புது ஃபியூஸ் வாங்கி விளக்குக்கும் உயிர் கொடுத்தேன். எட்வேட் அண்ணைக்குச் சொல்லவில்லை. புதுசு வாங்கினீங்களோ என்று கேட்டால் ஓம் என்று சொல்வதாக இருக்கிறேன், அதுவும் பொய்யில்லைத்தானே.

ஆகையால், நான் சமாளிக்கிறேன். முழங்காலையும் வைத்துக்கொண்டு அத்தனை மணி நேரம் பிளேனில் இருந்து வர வேண்டாம். நீங்களும் அத்தானும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நெடுங்காலம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று எல்லாக் கடவுளையும் கேட்டுக்கொண்டு,

உங்கள் தங்கை,
செல்வமலர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், எழுதியதை ஹைஃபைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துப் பார்த்தேன். செட்டில் ஒரு குறையுமில்லை. காலையிலிருந்து ஓயாமல் கதைக்கிறது. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கவில்லை. டிக்கெட் எடுங்கோ அக்கா. ஒரு மாதம் காணாது.