வண்டுக்குக் கட்டிய வேப்பந்தழை

குண்டனி நாடு, கொல்லிமலை.
மாசி மாதம் இருபதாம் தேதி.

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் சென்றாயன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் வீடும், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலா மரமும் சுகம். குடகில் தாங்களும், அக்காவும், என் ருக்குமணியும், தங்கள் வீட்டுக் கோழிகள் பதினொன்றும் சுகமாக இருக்க வேண்டும். பதினொன்றில் ஏதாவது குறைந்திருந்தால் நான் கிளம்பி வந்த பிறகு குறைந்தது, எனக்குச் சம்பந்தம் இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இங்கே பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் நடுவே பேச முடியாது. ருக்குமணிக்குப் படிக்கத் தெரியாது, ஆகையால் நீங்கள்தான் இதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். என் படிப்பு இரண்டாம் வகுப்பு, உங்களுடையது மூன்றாம் வகுப்பு. அந்த ஒரு வகுப்பு இந்த வேலைக்குப் போதும். ஒரு வரியைக்கூடத் தாண்ட வேண்டாம். பொய் சொல்லும்போது நீங்கள் காதைச் சொறிவீர்கள், ருக்குமணி உங்கள் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் கிளம்பிய அன்று நீங்கள் சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது, மலைப்பாதை எழுபது வளைவுக்கும் ருக்குமணி வாந்தி எடுத்துக்கொண்டே போக வேண்டும் என்றீர்கள். தை முடிந்தால் தண்ணீர் இருக்காது என்றீர்கள். கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்றீர்கள். கடைசியில் ஒன்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. “இருபத்திரண்டு வருசமா மிளகுத் தோட்டத்துல கெடந்துட்டுப் போற, அங்க உன்னய எவன் தேடப் போறான்?” என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் ருக்குமணி கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தாள்.

குடகை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மண் இருபத்திரண்டு வருசம் எனக்குச் சோறு போட்டது, அதற்கு நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவேன். ஆனால் சொந்த ஊரை அடுத்தவன் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், இதே மலையில் பிறந்த நீங்கள் திட்டினால் எப்படிப் பொறுப்பது? ருக்குமணி என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. “முடியாமப் படுத்தா ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் இருக்குதான்னு பாத்து எழுதுங்க, அப்புறம் வாரேன்” என்றாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். பதில் இருக்கிறது. ஆனால் அது பஸ்ஸில் ஆரம்பிக்கிறது, அதனால் பஸ்ஸை முதலில் சொல்கிறேன்.

மாசி மூன்றாம் தேதி நான் ரேஷன் கார்டு விசயமாகச் சேந்தமங்கலம் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயியிடம் நாலு வள்ளம் சாமை வாங்கி வைத்திருந்தேன். கண்ணாயி எனக்குத் தங்கச்சி முறை, அவள் புருஷனுக்கும் நமக்கும் ஒரு மாடு வகையில் பழைய சண்டை உண்டு, அந்த மாடு செத்ததோடு சண்டையும் செத்துவிட்டது, அதை அப்புறம் சொல்கிறேன். சாமையில் வண்டு விழாமல் இருக்க வேப்பந்தழையைக் காய வைத்துப் போடச் சொல்லி அனுப்பியது யார்? ருக்குமணிதான். ஆகையால் இனி நடந்ததில் பாதி உன் குற்றம், ருக்குமணி. எங்கள் மேட்டில் வேப்ப மரம் கிடையாது. திரும்பி வரும்போது மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து, ஒன்றும் கேட்காமல், அவரே துரட்டி போட்டு ஒரு கட்டுத் தழை இழுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். என்ன பணிவு பாருங்கள் என்று நினைத்தேன்.

அடுத்த பஸ் வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். நான் தழைக்கட்டை அணைத்துக்கொண்டு ஏறினேன், மச்சான், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் இருந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்டக்டர் கையை நீட்டி எட்ட நின்றே டிக்கெட்டைக் கொடுத்தார். குடகில் நான் மைசூர் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்று போனவன். இங்கே ஜன்னல் ஓரமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருசம் கழித்து வருகிறவனுக்கு எங்கள் ஜனம் கொடுக்கிற மரியாதையை மாணிக்கம் மச்சான் பார்க்கவில்லையே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கத்து ஊர்ப் பாப்பாத்தி என்று ஒரு பெண் மட்டும், துண்டில் சுற்றிய குழந்தையோடு வந்து பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்தாள். குழந்தைக்கு முகமெல்லாம் கொசு கடித்திருந்தது. எழுபது வளைவும் என் தோளில் சாய்ந்து தூங்கியது.

வீட்டுக்கு வந்து தழையைக் காய வைக்க வெயில் விழும் இடம் பார்த்தேன். வாசலில்தான் வெயில். நிலைக்கு இரண்டு பக்கமும் ஆணி இருந்தது, பக்கத்துக்கு ஒரு கட்டாகத் தொங்கவிட்டேன். என்னிடம் இருந்த ஒரே வேட்டி மஞ்சள் வேட்டி, அதைத் துவைத்துக் கூரையோரம் போட்டேன். மூட்டை தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாயைக் கரையான் தின்றுவிட்டிருந்தது, அதனால் கொல்லையில் இருந்து வாழை இலை வெட்டி வந்து பரப்பிப் படுத்தேன். பூட்டிக் கிடந்த வீடு அல்லவா, பூச்சி கடித்து உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தேன். மச்சான், இந்நேரம் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அஞ்சு நாள் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் வாசற்கல்லில் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ் இருந்தது, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம். யார் வைத்தது என்று எட்டிப் பார்த்தால் கண்ணாயி திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலில் போகிறாள். மத்தியானம் மோர். சாயங்காலம் இளநீர் மூன்று, கீழ்நாட்டில் இருந்து யாரோ வரவழைத்தது. அதற்கடுத்த நாள் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு. எல்லாரும் வைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் போனார்கள். குடகில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கரண்டி குழம்பு கொடுத்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை பேசுவாள். இங்கே கொடுத்ததற்கு நன்றியைக்கூட எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூன்று வீட்டிலும் எண்ணெய் காயும் வாசனையே வரவில்லை, கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, குழந்தைகள் கத்தவில்லை. ஊர் எவ்வளவு ஒழுக்கமாக மாறிவிட்டது என்று வியந்தேன்.

மேல்வீட்டுக் காளியண்ணன், எனக்கு அண்ணன் முறை, பேத்திக்குக் காது குத்த ஒரு கிடா பிடித்துக் கட்டி வைத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை விருந்து என்று எனக்கும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை போனது, சனிக்கிழமை போனது, கிடா அப்படியே தழை தின்றுகொண்டு நின்றது. அந்தக் கிடா நல்ல வம்சம். அதன் பாட்டன் ஒரு முறை பஸ்ஸையே மறித்தது என்று சொல்வார்கள். டிரைவர் ஹாரன் அடிக்க, அது முட்ட வர... சரி, அது வேறு கதை.

ஐந்தாம் நாள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நர்சம்மா சுகுணா. கண்ணாயி பாறை மேல் ஏறிப் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். ஊரே வேலிக்கு வெளியே நிற்கிறது. நர்சம்மா வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார்.

“ஏனுங்கய்யா, அம்மை எங்கீங்க போட்டிருக்குது? இது பூச்சிக் கடியாட்டல்ல இருக்குது?”

“பூச்சிக் கடிதானுங்க. அம்மைன்னு ஆரு சொன்னது?”

அவர் வாசலில் தொங்கிய வேப்பந்தழையைக் கையால் காட்டினார்.

மச்சான், அப்போதுதான் அந்த மூன்று சீட்டும், கண்டக்டர் கையும், கூழும், இளநீரும், நின்றுபோன கிடாவும் ஒன்றாக என் தலையில் விழுந்தன. நான் வாயைத் திறந்து, “அது சாமைக்குங்க, வண்டு விழாம இருக்க” என்றேன்.

கண்ணாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அஞ்சு நாளா தாளிக்காத சோறு தின்னேன்” என்றாள். “வண்டுக்காண்ணா?”

ஆத்தா பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றியவன் என்று தள்ளி வைத்தால் என்ன செய்வேன்? இனி யார் என் வாசலை மிதிப்பார்கள்? மாணிக்கம் மச்சான் சொன்னது பலித்துவிட்டது, ருக்குமணி வரமாட்டாள், நான் நாலு வள்ளம் சாமையோடு தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்படியே மண்ணில் விழுந்து ஊருக்கே கும்பிடு போட்டேன். வேறு என்ன செய்ய? சட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

காளியண்ணன் நிதானமான ஆள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “தழை கட்டிக் கூப்பிட்டது நீ. ஆத்தா வந்தாளா வரலியா, நமக்குத் தெரியாது. வந்திருந்தா வெறுங்கையோட அனுப்பக் கூடாது. தண்ணி ஊத்திக் கூழ் காச்சிரலாம்.” அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, விடியக்காலம், மலைக் குளிர் எலும்பைக் கடிக்கிற நேரம், எனக்கு ஒரு நோயும் இல்லாமல் மணையில் உட்கார வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியது கண்ணாயி. முறைப்படி மூன்று சொம்பு. அவள் மூன்று குடம் ஊற்றினாள். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. “தாளிக்காத சோத்துக்கு இது” என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் குடத்தை இறக்கினாள். அப்புறம் என் சாமை நாலு வள்ளமும் கூழாகி ஊருக்கே ஊற்றப்பட்டது. வண்டு தின்ன ஒரு மணி மிச்சம் இல்லை. எல்லாரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள், கரையான் தின்ற பாயைப் பார்த்துவிட்டுக் காளியண்ணன் வீட்டில் இருந்து புதுப்பாய் வந்தது, கூரையில் ஒழுகுகிற இடத்தை இரண்டு பேர் ஏறிச் சரிசெய்தார்கள். பழைய மாட்டுச் சண்டையைக் கண்ணாயி புருஷனே எடுத்துச் சொல்லி அவனே சிரித்தான்.

ருக்குமணி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் இருக்குதான்னு கேட்ட. மூணு குடம் ஊத்தறாங்க.

(மச்சான், இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுப் படியுங்கள்.)

உங்கள் மற்றக் குற்றச்சாட்டுக்கும் சொல்லிவிடுகிறேன். கரண்டு போகிறது, உண்மை. போனால் எல்லாரும் வெளியே வந்து பேசுகிறோம். ஊற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது, உண்மை. அப்படிக் குறைந்த மாசியில்தான் சும்மா இருக்கிற ஒருவன் தலையில் மூன்று குடம் ஊற்றினார்கள் என்பதை யோசிக்க வேண்டும். பஸ்ஸைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அது எனக்குக் கொடுத்த மரியாதை இல்லை. ஆனாலும் அடுத்தவனுக்கு முடியவில்லை என்றால் உட்கார்ந்த சீட்டை விட்டு எழுந்திருக்கிற ஜனம் இது. நான் இந்த ஊருக்கு என்ன செய்தேன்? இருபத்திரண்டு வருசம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேடியது நான் இல்லை, அவர்கள்.

ஆகையால் மச்சான், பெரிய மனசு பண்ணி என் ருக்குமணியை அனுப்பி வையுங்கள். அவசரம் இல்லை. எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் வீட்டுக் கிடா விருந்து, அது முடிந்து பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்து வந்தால் போதும். அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் தோட்டத்து மிளகு காரம் குறையாமல் காய்க்கட்டும், உங்கள் வாய்க் காரம் மட்டும் கொஞ்சம் குறையட்டும் என்று அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சென்றாயன்.

பின்குறிப்பு: மச்சான், இதைச் சத்தம் போட்டுப் படிக்காதீங்க. வேண்டாம், நீங்க மூச்சைப் பிடிச்சாலே அவ கண்டுபிடிச்சுருவா, படிங்க. இன்னைக்குக் காலைல கடிதாசிய ஒட்டப் போகையில வயித்துல நாலு அம்மை முத்து, மத்தியானத்துல முதுகெல்லாம். நர்சம்மா வந்து பாத்துட்டு, இந்தத் தடவ நெசந்தான்னு மாத்திரை குடுத்துட்டுப் போயிருக்காங்க. பஸ்ஸுல தோள்ல தூங்குன கொழந்தைக்கு அது கொசுக் கடி இல்லியாம். பாப்பாத்தி சொல்லி அனுப்பிச்சா, கொழந்த இப்போ சொகமாம். வாசக்கல்லுல கூழு வந்துருச்சு. கண்ணாயி ஊட்டுல மறுபடியும் கடுகு வெடிக்கல. கிடா விருந்து மறுபடியும் நின்னு போச்சு, கிடா என் ஊட்டுப் பக்கமே பாத்துட்டு நிக்குது. ருக்குமணிக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டு எறங்கிருச்சு, அதனால அவளுக்குப் பயமில்ல. பங்குனி வரைக்கும் வேண்டாம், நாளைக்கே ஏத்தி உடுங்க. இருந்த தழையெல்லாம் தண்ணி ஊத்துன அன்னைக்கே தீந்து போச்சு. காளப்பநாயக்கன்பட்டி டீக்கடைக்காரர்கிட்டச் சொன்னா ஒரு கட்டு இழுத்துத் தருவாரு, அதக் கையில வெச்சுக்கிட்டே பஸ் ஏறச் சொல்லுங்க. ஜன்னல் சீட்டே கெடைக்கும், எழுபது வளைவுக்கும் வாந்தி வராது.