நட்புக் கோப்பை நின்றுபோன கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் அத்தை சுகம். நானும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிக்கும் வரை சுகமாகத்தான் இருந்தேன்.

"நட்புக் கோப்பைக் கால்பந்துப் போட்டி, செயலாளரின் சண்டைக் குணத்தால் நின்றுபோனது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செயலாளர் யார் என்று ஊருக்கே தெரியும். முடி வெட்டப் போனால் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சார், நெஜமாவே அடிச்சீங்களா?" என்கிறார். இனி எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்?

மாப்பிள்ளை, அந்தப் போட்டி செத்தது மரியாதையால். முதல் வருடம் பக்கத்து நாட்டு அணி கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. பாவம் பார்த்து நம் கோல்கீப்பர் ஒரு பந்தை விட்டுக்கொடுத்தார். மறு வருடம் நாம் அங்கே போனபோது அவர்கள் இரண்டு விட்டுக்கொடுத்தார்கள். நாம் மட்டும் சளைத்தவர்களா? இப்படியே வளர்ந்து, கடைசி வருட இறுதி ஆட்டத்தில் அவர்கள் ஆள் பந்தோடு நம் கோல் வாசலில் வந்து நிற்கிறார். நம் கோல்கீப்பர் கம்பத்தோரம் ஒதுங்கி, "உள்ள வாங்கண்ணே, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்கிறார். அவருக்கு நம் பாஷை வராது. கையாலேயே 'நீங்க மொதல்ல' என்று காட்டுகிறார். நடுவர் அழாத குறை. ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கோப்பையை இரண்டு பக்கமும் தொடவில்லை. மழையில் நனைந்துகொண்டிருந்ததை நான்தான் தூக்கி வந்து அலமாரியில் வைத்தேன். அவர்கள் செயலாளரும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த போட்டிக்கு யார் முதலில் அழைப்பது என்று மரியாதையாகக் காத்திருந்தோம். இன்னும் காத்திருக்கிறோம். இதுதான் வரலாறு.

இதில் சண்டை எங்கே வந்தது? வரும் ஞாயிறு திருத்தம் வராவிட்டால் பேரன் பிறந்தநாளுக்கு நான் வர மாட்டேன். உங்கள் அத்தையும் வர மாட்டாள். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல், முக்கியமாகத் திருத்தத்தில் குறையில்லாமல், நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது பக்கத்து நாட்டுச் செயலாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் நம் பாஷையைக் கற்றுவிட்டார், இதற்காகவே போலிருக்கிறது. "கட்டுரை கெடக்கட்டுங்க. கோப்பை எங்களோடது, அனுப்பிடுங்க" என்கிறார். எப்படி இருக்கிறது கதை! உங்கள் அத்தை துடைத்துத் துடைத்தே தேய்ந்த கோப்பை! நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். ஆகவே திருத்தம் வேண்டாம். சண்டைக் குணம் அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள்: ஜெயித்தது நாம்.