கெசியாவின் விமானத்தில் என் தலை

போத்தனூர்,
வியாழன், மதியம் மூன்று மணி.

பாசமிகு மச்சான் ஜெப்ரி அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூவரும் உடல் சுகம். பெங்களூரில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன். மனசுதான் சுகமில்லை. போனில் பேசினால் மகள் கெசியா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். கெசியாவுக்கு நீங்கள் பார்த்து வைத்த வேலையைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே அவள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. போட்டது நானேதான்.

சரவணம்பட்டி கம்பெனியை விட்டுவிட்டு ஆறு மாதமாய் என்ன செய்கிறாள் என்று கேட்டீர்களே. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறார்கள் அல்லவா, அதில் ஓட்டுபவர் தலையைத் திருப்பினால் திரையில் காட்சியும் திரும்ப வேண்டும். ஒரு கேமரா தலையையே பார்த்துக்கொண்டிருந்து காட்சியைத் திருப்பும்; அந்த ஏற்பாட்டைத்தான் வீட்டிலேயே செய்கிறாள். சோதிக்க ஒரு தலை வேண்டும்; ரயில்வேயில் ரிட்டயர் ஆகிச் சும்மா கிடந்தது என் தலைதான். ஓட்டவும் ஓரளவு கற்றுக்கொண்டேன். இடது இறக்கையைப் பார் என்றாள், முழுசாய்த் திரும்பினேன், சுவர்க் காலண்டர்தான் தெரிந்தது. "கொஞ்சம் திருப்புனாப் போதும்ப்பா, மீதிய அது திருப்பிக்கும்" என்றாள். அடுத்து, தெரியுதா என்று கேட்டாள்; நம்ம வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், ஆகாயமே தொட்டில் மாதிரி ஆடி எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதையும் மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்தாள், புள்ள சரியாச் சாப்பிடவே இல்லைங்க.

இன்று காலை விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கேப்டன் தமிழ்வேந்தன் வந்தார். அவருக்குப் பிடித்தால் பள்ளியில் கம்ப்யூட்டர் விமானம் ஓட்டும் பத்து இருக்கைகளுக்கும் இவள் செய்ததுதான். பிடிக்காவிட்டால் பெங்களூர். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் என் பின்னால் நின்று திரையையே பார்த்தார். உங்க அக்கா காப்பியோடு வந்து "ஏனுங்க, சக்கரை போடலாமுங்களா?" என்றபோதுகூட நான் திரும்பவில்லை. எல்லாம் நல்லாத்தான் போச்சு மச்சான். ஓடுபாதை தெரிஞ்சுது. கெசியா நகத்தைக் கடிக்கிறா. எந்த வண்டியும் ஊர் சேர்றதுக்கு முன்னால ஒரு சின்ன ஜெபம் பண்றது என் நாப்பது வருசப் பழக்கம். தலையக் குனிஞ்சு, கண்ண மூடி, 'ஆண்டவரே, எம்புள்ளையக் கைவிட்ராதீங்க'ன்னு ஆரம்பிச்சேன். கொஞ்சம் நீண்டுபோச்சு. ஆமென் சொல்லி நிமிர்ந்தா, விமானம் தென்னந்தோப்புக்குள்ள கிடக்குது.

கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காப்பியைத் தொடவில்லை. "பாக்கலாமுங்க" என்றார், போய்விட்டார். நம்ம பக்கம் பாக்கலாமுங்கன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? புள்ள நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "பரவால்லப்பா"ன்னு சொல்லிப்போட்டு கேமராவக் கழட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு அழுகையே வந்துபோச்சு. சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்கிறது, ஆனாலும் பண்ணுகிறேன்: இனி அந்த நாற்காலியில் இந்தத் தலை உட்காராது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் ஜெபத்தில் எங்களை மறக்காதீர்கள், கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தாலும் சரி.

இப்படிக்கு,
தலை குனிந்த
ஞானாபரணம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் கேப்டன் போன் செய்தார். "மத்தவங்க செஞ்சது எதுலயும் தலையக் குனிஞ்சா படம் வெடுக்குன்னு கீழ விழுமுங்க, வயித்தப் பொரட்டும். இதுல நீங்க குனிஞ்சது நானே குனிஞ்ச மாதிரி இருந்துச்சு. நானும் கண்ண மூடிப்போட்டேனுங்க. எறங்கற நேரத்துல ஒரு பைலட் கண்ண மூடலாமுங்களா? வெக்கமாப் போச்சு, அதான் நிக்காம வந்துட்டேன்" என்றார். பத்து இருக்கைக்கும் இதுவே வேண்டுமாம். பெங்களூர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளியில் சோதனைக்கு உட்கார நான் வருவேனா என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர் "ஹலோ, ஹலோ" என்கிறார். கெசியா போனைப் பிடுங்கி, "அப்பா தலைய ஆட்டிக்கிட்டு இருக்காருங்க, வாராருங்க" என்றாள்.