மதுரை வெயிலை நம்பி வாங்கிய பிரேக் பேட்

என் மனைவி அமலியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவள் தலையைத் தூக்கி, "காருல பிரேக்கு கத்துது. பேடை மாத்துங்க. நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காதீங்க" என்றாள்.

இரண்டு வருஷம் இழுத்தேன்.

போன வெள்ளிக்கிழமைதான் உதிரிபாகக் கடைக்குப் போனேன். காரணம், ஞாயிறு காலை மகள் பெனிட்டா சென்னையிலிருந்து வருகிறாள். ஏற்கெனவே எச்சரித்திருந்தாள்: "அப்பா, இனிமே வண்டியில சின்னதா ஒரு வம்பு வந்தாலும் சாவியை வாங்கிருவேன்."

கார் இல்லையென்றால் எனக்கு உலகம் எங்கள் பேட்டை விளாங்குடியோடு முடிந்தது.

கடைக்கார பாய் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது ரோட்டுக்கு. இது ஆட்டோகிராஸுக்கு. மைதானத்துல கூம்பு வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுவாங்கள்ல, அதுக்கு. இது ரேஸ் டிராக்குக்கு. ஆர்டர் குடுத்தவன் காரையே வித்துட்டான்."

எதையும் நானே படித்துத் தேறியவன் நான். உடனே கணக்குப் போட்டேன். இருநூறில் போகிற காரை நிறுத்துகிற பேட், என் நாற்பதை நிறுத்தாதா?

"ரேஸ் பேடே குடுங்க."

"வேணாம்ணே. அது நல்லாச் சூடானாத்தான் பிடிக்கும்."

"மதுரையில சூட்டுக்கு என்ன பாய் பஞ்சம்?"

"அம்புட்டு சூடு சித்திரையிலயே கிடையாதுண்ணே."

கேட்டேனா?

சனிக்கிழமை நானே மாட்டி, தெருமுனை டீக்கடையில் நிறுத்த மிதித்தேன். கார் டீக்கடையைத் தாண்டியது. சலூனைத் தாண்டியது. மாவு மில் வாசலில் ஒருவழியாக மனசு வந்து நின்றது.

டீக்கடைக்காரர் கிளாஸோடு நடந்தே வந்தார். "என்னண்ணே, இனிமே இம்புட்டு தூரம் கொண்டாந்து குடுக்கணுமா?"

ரோட்டு பேடுக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் பாய் முகத்தில் எப்படி முழிப்பது? மிதித்து மிதித்துச் சூடேற்றிக்கொண்டால் போச்சு!

ஞாயிறு காலை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், திண்டுக்கல் ரோட்டோரம் ஆரம்பித்தேன். ஓட்டு, மிதி. ஓட்டு, மிதி.

பின்னால் பைக்கில் வந்தவர் கூட்டாளிக்குக் குரல் கொடுத்தார்: "மாப்ள, பாத்து வா! பெருசு காரோட தோப்புக்கரணம் போடுது!"

இருபதாவது மிதியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். "ஐயா, எல் போர்டு எங்க?"

"ஓட்டிப் பழக வரல சார். பிரேக்கைச் சூடு பண்றேன்."

"அது என்ன சாம்பாரா?"

பதில் சொல்வதற்குள் முன் சக்கரங்களில் புகை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பிடிக்க ஆரம்பித்துவிட்டது!

ரோட்டோரம் இளநீர் விற்ற அம்மாவுக்கு இந்த விவரம் தெரியாதே. "ஐயோ, வண்டி எரியுது!" என்று தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து சக்கரத்தில் ஊற்றினார். டங்! கொதித்துக் கிடந்த பிரேக் டிஸ்க் விரிசல் விட்டது.

"நிறுத்துங்கம்மா!"

"பயப்படாதீங்கய்யா, இன்னும் பாதிக் குடம் இருக்கு" என்று அடுத்த சக்கரத்துக்கு ஓடினார். டங்!

ஸ்டேஷனில் காத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெனிட்டா, எங்களைப் பார்த்து இறங்கினாள். சக்கரத்தைப் பார்த்தாள். போலீஸ்காரரைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"அம்மா மாத்தச் சொன்னாளேன்னுதான்..."

"அம்மா மாத்தத்தான் சொன்னாங்க. ரேஸுக்கா போகச் சொன்னாங்க? சாவி!"

சாவி இப்போது சென்னையில் இருக்கிறது. மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றி அளந்து பார்த்தார். டிஸ்க் இரண்டும் போச்சு; ரேஸ் பேட் மட்டும் தேயாமல் இன்னும் ஒன்பது மில்லிமீட்டர் இருக்கிறது.